தெக்கன்னு சொன்னது சொன்னதுதான்

பயப்படாம உக்காரு தங்கச்சி. இன்னைக்கு என்கிட்ட மீன் கூடை கெடையாது, கவுச்சி அடிக்காது. பையில ஒரு தண்ணி பாட்டிலும் வெத்தலைப் பொட்டலமுந்தான். ஜன்னலோரத்தை மட்டும் கேக்காத. காத்து மொகத்துல அடிக்கலன்னா எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துரும். முந்தாநாளுலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போவல.

நீ எங்க எறங்கணும்? கலெக்டர் ஆபீசுக்கு அடுத்த ஸ்டாப்பா? அப்ப நல்லதாப் போச்சு. நான் எறங்குற எடம் வந்தா சொல்லு. அந்த ஆபீசுக்கு நான் தனியாப் போனதே இல்ல. போவும்போதெல்லாம் தலைவரு கூடத்தான் போவேன், கார்ல. வாசல்லயே ரெண்டு பேரு எந்திரிச்சு நிப்பானுவ.

தலைவருன்னா என் வூட்டுக்காரரு. சிரிக்காத. வூட்டுக்குள்ளயும் நான் தலைவருன்னுதான் சொல்லுவேன். கட்சித் தலைவரு, பஞ்சாயத்து போர்டு தலைவரு எல்லாம் வேற. இது எங்க மீனவ கிராமத்துக்கு ஊர்த் தலைவரு. எவன் எந்த வலை போடலாம், எந்த நாளு கடலுக்குப் போவக்கூடாது, அண்ணன் தம்பி சண்டையில போட்டு யாருக்கு, வலை யாருக்கு, எல்லாம் அவரு வாயிலேர்ந்து வரணும். போலீசுகூட முதல்ல எங்க வூட்டுல ஒரு டீ குடிச்சிட்டுத்தான் ஊருக்குள்ள போவான். அவுங்க அப்பா தலைவரு, அவுங்க தாத்தா தலைவரு. மாரியம்மன் கோயில் திருவிழாவுல முதல் மரியாதை எங்களுக்குத்தான். ஒரு செவப்புப் பட்டுத் துண்டு உண்டு. அது தோள்ல கெடந்தாத்தான் தலைவரு. தலைவரா இருக்கிறவரு தப்புப் பண்ணிட்டாருன்னா அந்தத் துண்டை எடுத்து அம்மன் படியில வச்சிட்டு, ஊரு முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழுவணும். அது எங்க கட்டுப்பாடு. ஆனா இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்ல. இத்தனை தலைமுறையில ஒருத்தரும் ஒரு தப்பும் பண்ணலன்னா பார்த்துக்கயேன்.

முன்னாடி பாரு. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல பச்சை சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி இருக்காளா? உத்துப் பார்க்காத, திரும்பிருவா. அவ அபிராமி. என் கூடப் பொறந்த தங்கச்சி பெத்த பொண்ணு. நான் ஒண்ணும் கூப்புடல. நான் பின்வாசல்ல ஏறுறேன், அவ முன்வாசல்ல ஏறிட்டா. எனக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்திருக்கா. "அந்த அக்கா எடுத்துட்டாங்க"ன்னு கண்டக்டர் வந்து சொல்றான். யாரு கேட்டா அவளை?

எல்லாம் அவளால வந்த வினை. சொல்றேன், கேளு. ரொம்ப தூரம் இருக்கு.

அவ புருஷன் பேரு தென்னரசு. நல்ல பையன், இல்லன்னு சொல்லல. நான்தான் முன்ன நின்னு முடிச்சு வச்சேன். எங்க போனாலும் "பெரியத்தை"ன்னு வாய் நெறையக் கூப்புடுவான். இந்தத் தை மாசக் கடைசியில ஒண்டியா ஃபைபர் போட்டை எடுத்துக்கிட்டுப் போனான். கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சல். ஒண்டியாப் போவாதடான்னா கேக்குற வயசா அது? பொழுது எறங்கையில இவளுக்குப் போன் பண்ணியிருக்கான். எஞ்சின் நின்னுபோச்சு, நங்கூரக் கயிறும் அறுந்துபோச்சு, போட்டு வடக்க இழுக்குதுன்னு. அவ்வளவுதான். அதோட போன் செத்துப்போச்சு.

தலைவிரிகோலமா ஓடியாந்தா. "பெரியப்பா, வடக்க இழுக்குதாம், வடக்க இழுக்குதாம்"னு கத்திக்கிட்டே வந்தா.

எங்க ஊர்ல ஒரு ஆளு கடல்ல காணாமப் போனா ஒரு போட்டும் தொழிலுக்குப் போவாது. அத்தனை போட்டும் தேடத்தான் போவணும். எந்தப் பக்கம் போவணும், எப்ப நிறுத்தணும், அது தலைவரு வாக்கு. விடிஞ்சதும் ஊரே கரையில நிக்கிது. தலைவரு காத்தைப் பார்த்தாரு. வாடைக் காத்து, வடக்கேர்ந்து அடிக்கிது. வடக்கேர்ந்து அடிக்கிற காத்து போட்டை எங்க தள்ளும்? தெக்கதானே தள்ளும்? "தெக்க விடுங்கடா எல்லா போட்டையும்"னுட்டாரு.

ஆனா கடலுக்குள்ள நீவாடுன்னு ஒண்ணு இருக்கு தங்கச்சி. தண்ணிக்கு உள்ளால ஓடுற ஓட்டம். காத்து ஒரு பக்கம் அடிக்கும், நீவாடு இன்னொரு பக்கம் இழுக்கும். மாசி பொறந்தாத்தான் அது வடக்க திரும்பும். இந்த வருசம் தையிலயே திரும்பிப்போச்சு. அது அவரு குத்தமா? கடல் குத்தம். அவரு கடல்ல எறங்கி வருசக் கணக்கு ஆவுது. தலைவரா இருக்கிறவரு வலையா இழுத்துக்கிட்டு இருப்பாரு?

போட்டெல்லாம் கெளம்புனப்புறம் வூட்டுக்குத் தண்ணி குடிக்க வந்தாரு. "அந்தப் புள்ள வடக்கன்னு சொல்லுதே"ன்னு செம்பைக் கையில வச்சிக்கிட்டே நின்னாரு. நான்தான் சொன்னேன், "அதுக்குச் சின்னதுலேர்ந்தே வடக்கு தெக்கு தெரியாது, பயத்துல எதையோ ஒளறுது"ன்னு. பொய் இல்ல தங்கச்சி. சின்னப் புள்ளையில கோயிலுக்குப் போடின்னா ரேஷன் கடையில போயி நிக்கும். அது மனசுல இருந்துச்சு, சொன்னேன். பொண்டாட்டின்னா ஒரு தைரியம் சொல்லத்தானே செய்வா?

மறுநாளு போட்டெல்லாம் வெறுங்கையோட வந்துச்சு. நாலு எளவட்டப் பசங்க வந்து, "தலைவரே, நீவாடு வடக்க ஓடுது, நாங்க கண்ணால பார்த்தோம், பாதி போட்டை வடக்க விடலாமா"ன்னு கேட்டானுவ. மரியாதையாத்தான் கேட்டானுவ. அவரு வாயைத் தொறந்தாரு. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். சரின்னு சொல்லத்தான் தொறந்தாரு, எனக்குத் தெரியும், முப்பது வருசமா அந்த வாயைப் பார்க்கிறேன். அதுக்குள்ள குப்புராசு பாஞ்சான். குப்புராசு அவருக்குப் பங்காளி, துணைத் தலைவரா இருந்தான். "ஏண்டா, தலைவரு சொல்லி ஒரு நாளு ஆவல, மாத்திச் சொல்லணுமா? எங்க தலைவருக்குக் கடல் தெரியாதுங்கிறீங்களா?"ன்னான். ஊரே தலைவரு மொகத்தைப் பார்க்குது.

இப்ப நீயே சொல்லு. அதுக்கப்புறம் அவரு வடக்கன்னு எப்படிச் சொல்லுவாரு? நேத்து சொன்னது தப்புன்னு ஆவாதா? நேத்து சொன்னது தப்புன்னா, போன வருசம் சொன்ன தீர்ப்பும் தப்புதானோன்னு நாளைக்கு எவனாவது கெளப்ப மாட்டானா? பத்து வருசத்துக்கு முன்னாடி பிரிச்ச சொத்தையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து கொட்டுவானுவ. பக்கத்து ஊருக்காரன் பல்லைக் காட்டிச் சிரிப்பான். "தெக்க"ன்னாரு. சொன்னது சொன்னதுதான்.

ஒரு வாரம் தெக்கயே தேடுனானுவ. ஊர்ல ஒலை ஏறல, எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? கோயில் மணியை அடிச்சு "போதும்"னுட்டாரு. அவளைக் கூப்புட்டு உக்கார வச்சு, தாலியை வாங்கி, கருமாதி முடிச்சோம். அவளா? ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. "அவரு சாவல பெரியம்மா, வடக்க இருக்காரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் வாயைப் பொத்துனேன். சடங்கு நடக்கையில இப்படியா பேசுவாவ?

என்னா வெயிலு. அந்த ஷட்டரை எறக்கி விடவா? வேணாம், காத்து வேணும்.

கருமாதி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு போலீசுலேர்ந்து தகவல் வந்துச்சு. வடக்க, ஆந்திராப் பக்கத்துல, அந்த ஊரு மீன்காரனுவ ஒரு போட்டைக் கண்டெடுத்தானுவன்னு. தென்னரசு போட்டு. உள்ள அவன் கெடந்தான். போட்டு மூக்குல மீனைக் கீறிக் காயப் போட்டிருந்தானாம். கம்புல கைலியைக் கட்டிக் கொடி மாதிரி நட்டு வச்சிருந்தானாம். தண்ணி கேன் ஒண்ணு நடுவுல அறுத்து, மழை பெஞ்சாப் புடிக்கிறதுக்குன்னு நிமித்தி வச்சிருந்துச்சாம். மழை எங்க பெஞ்சுது? காஞ்சு கெடந்துச்சாம். ஒடம்பைப் பார்த்த டாக்டரு சொன்னாராம், செத்து நாலஞ்சு நாளுக்கு மேல இருக்காதுன்னு.

நாலஞ்சு நாளு.

நாங்க இங்க கருமாதி சோறு தின்னப்ப அவன் அங்க உசுரோட இருந்திருக்கான். பந்தியில நான்தான் வடை வச்சேன். ரெண்டாந்தரமும் கேட்டு கேட்டு வச்சேன்.

இல்ல, அழுவல. கண்ணுல தூசி.

ஒடம்பு வந்ததும் ஊரு வேற மாதிரி மொணங்க ஆரம்பிச்சுது. ஊரு வாயை மூட ஒலைமூடி ஏது? "பொண்டாட்டிக்காரி வடக்கன்னுதானே சொன்னா, தலைவரு ஏன் தெக்க விட்டாரு"ன்னு வலை பின்னுற எடத்துல பேச்சு. எனக்கு நெஞ்சுல நெருப்பு வச்சாப்ல ஆயிருச்சு. ஏலம் போடுற எடத்துல நாலு பொம்பளைங்க என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துறாளுவ. நான் ஒண்ணும் பெருசா சொல்லல தங்கச்சி. "அன்னைக்கு அபிராமி தெக்கன்னுதான் சொன்னாப்புல எனக்கு ஞாபகம்"னேன். அவ்வளவுதான். ஞாபகம்னுதான் சொன்னேன், சத்தியம் பண்ணல. பொழுது சாயறதுக்குள்ள அது ஊரெல்லாம் சுத்தி, அபிராமியே தெக்கன்னு சொல்லித்தான் தலைவரு தெக்க விட்டாருன்னு ஆயிப்போச்சு. எல்லாருக்கும் அது சௌரியமா இருந்துச்சு. தெக்க போயித் தேடுனவனுவ எல்லாருந்தானே?

மாமியாக்காரி சும்மா இருப்பாளா? "என் புள்ளையைக் கொன்ன பாவி, திசை மாத்திச் சொன்ன மூதேவி"ன்னு மண்ணை வாரித் தூத்தி, கைப்புள்ளையோட வெளிய தள்ளிட்டா. என் தங்கச்சி வூட்டுல போயி விழுந்தா. அன்னையிலேர்ந்து என் தங்கச்சி எங்கூடப் பேசறதில்ல. நான் என்ன பண்ணுனேன் அவளுக்கு?

அப்பவும் சும்மா இருந்திருக்கலாம் அபிராமி. சர்க்காரு பணம் வந்துச்சு, தலைவருதான் அலைஞ்சு வாங்கிக் குடுத்தாரு. வேலைக்கும் சொல்லி வச்சாரு. எதையும் கையால தொடல. நேரா ஊர்க்கூட்டம் நடக்கிற கோயில் வாசலுக்கு வந்துட்டா. பொம்பளைங்க அந்த மண்டபத்துல கால் வைக்கக்கூடாது. வெளிய மண்ணுல நின்னுக்கிட்டே கேட்டா. கத்தல, ஒப்பாரி வைக்கல. கத்தியிருந்தாக்கூட சமாளிச்சிருக்கலாம்.

"பெரியப்பா, எனக்கு ஒண்ணும் வேணாம். நான் வடக்கன்னுதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் ஊருக்குச் சொல்லுங்க. எம் பொண்ணு நாளைக்கு வளந்து, ஆத்தா திசை மாத்திச் சொல்லி அப்பனைக் கொன்னான்னு கேக்கக்கூடாது."

ஒரே ஒரு வார்த்தை கேட்டா. கேக்குறவளுக்கு அது ஒரு வார்த்தை. சொல்றவங்களுக்கு அது எத்தனை தலைமுறைன்னு யோசிச்சாளா?

அடுத்த கூட்டத்துல சொல்றேன்னு எந்திரிச்சு வந்துட்டாரு. ராவு பகலு சோறு எறங்கல அவருக்கு. "சொல்லிடலாம்னு பார்க்குறேன் தையநாயகி"ன்னாரு. என் பேரை அவரு சொல்லிக் கேட்டு வருசக்கணக்கு ஆச்சு. நான் எவ்வளவோ சொன்னேன். "உங்க அப்பாரு கட்டுன துண்டு, நீங்க மண்ணுல விழுந்தா நாளைக்கு நம்ம புள்ள எப்படித் தலை நிமிந்து நடப்பான், குப்புராசு எப்படா எப்படான்னு காத்துக்கிட்டு இருக்கான்"னு. கூட்டத்தன்னைக்குக் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. பின்னாலேயே போயி, கோயில் பக்கத்துல வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். அபிராமியும் ஒரு ஓரமா, புள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு. அவரு நடு மண்டபத்துல நின்னாரு. தோள்லேர்ந்து துண்டை எடுத்தாரு. நடந்துபோயி அம்மன் படியில துண்டை வச்சாரு. திரும்பி ஊரைப் பார்த்துக் கும்புட்டாரு. முட்டியை மடக்குனாரு.

நான் ஓடுனேன் தங்கச்சி. எனக்கு எப்படி வந்துச்சோ அந்த வேகம். பொம்பளை காலு படக்கூடாத எடம், அதெல்லாம் அப்ப ஞாபகத்துக்கு வரல. படியில கெடந்த துண்டை எடுத்து அவரு தோள்ல போட்டு, கையைப் புடிச்சுத் தூக்கிட்டேன். "தலைவருக்கு மயக்கம், மூணு நாளா சாப்புடல, என்ன பண்றோம்னே தெரியல, யாராவது சோடா கொண்டாங்கடா"ன்னு கத்துனேன். கத்துனதும் நாலு பேரு ஓடியாந்தானுவ. சோடா வந்துச்சு, நாற்காலி வந்துச்சு. குப்புராசே விசிறுனான். எல்லாரு மொகத்துலயும் என்னா நிம்மதிங்கிற! ஒருத்தன்கூட, அம்மா நீ ஏன் உள்ள வந்தன்னு கேக்கல. துண்டைத் தொட்டதுக்குத் தீட்டுக் கழிக்கணும்னுகூட சொல்லல. கூட்டம் கலைஞ்சு போச்சு.

அவரு ஒரு தடவை சொன்னாரு, "எனக்கு மயக்கம் இல்ல"ன்னு. யாரு காதுலயும் விழல.

நான் திரும்பிப் பார்க்கையில அபிராமி மரத்தடியில இல்ல.

மானத்தைக் காப்பாத்துனேன். அந்த வூட்டு வெளக்கை நான்தான் அணையாமப் பார்த்துக்கிட்டேன். அதுக்கு ஒரு நல்ல வார்த்தை? அன்னையிலேர்ந்து அவரு எங்கூடப் பேசறத நிறுத்திட்டாரு. சோத்தைப் போட்டா தின்னாரு. கூட்டத்துக்குப் போறதில்ல, எல்லாத்தையும் குப்புராசு பார்த்துக்கிட்டான். துண்டை ஆணியில மாட்டிட்டாரு. சாயங்காலமானா கரையில போயி வடக்க பார்த்து உக்காந்துருவாரு. கண்ணு பட்டுப்போச்சுன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். அவுத்துப் போட்டுட்டாரு.

இப்படியே மாசி போயி ஆடியும் வந்துச்சு.

முந்தாநாளு காலையில எந்திரிச்சுப் பார்க்கிறேன், போட்டுக்கு டீசல் ஊத்திக்கிட்டு நிக்கிறாரு. வருசக்கணக்கா கடலுக்குப் போவாத மனுசன். வலையும் இல்ல, தூண்டியும் இல்ல. கையில ஒரு சூடம் பாக்கெட்டு, ஒரு கேன் தண்ணி. "எங்கங்க போறீங்க"ன்னு கையைப் புடிச்சேன். அப்பத்தான் வாயைத் தொறந்தாரு.

"தென்னரசு கெடந்த எடத்துக்கு. கரையிலதான் என்னை சொல்ல விடல நீ. கடல்ல போயாவது அவன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

ஆடிக் காத்து தங்கச்சி. எளவட்டப் பயலே யோசிப்பான். போட்டைத் தள்ளிட்டுப் போயிட்டாரு. நேரா வடக்க. புள்ளியா மறையிற வரைக்கும் நின்னு பார்த்தேன்.

வரல. இன்னும் வரல.

எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்ட சொல்றேன், ரொம்பப் பயமா இருக்கு. அவரு இல்லாம நான் யாரு? தலைவரு வூட்டு அம்மான்னு சொல்லுவானுவளே, அது யாரு?

நேத்து ஊரு கூடுச்சு. தலைவரு காணாம்னா சும்மாவா? அத்தனை போட்டையும் எறக்குனானுவ. குப்புராசு வந்து, "அண்ணி, எந்தப் பக்கம் போறேன்னாரு?"ன்னு கேட்டான். ஊரே நிக்கிது. எல்லாக் கண்ணும் எம்மேல.

வடக்கன்னா ஏன் வடக்கன்னு கேப்பான். அங்க மீனும் இல்ல, மீன் அடையிற பாரும் இல்ல, அதான் கடலுக்குள்ள கெடக்கிற பாறை. தென்னரசுகிட்ட மன்னிப்புக் கேக்கப் போனாருன்னு நான் என் வாயால ஊரு நடுவுல சொல்லணும். அப்புறம் அந்தக் கூட்டத்துல மயக்கம்னு நான் சொன்னது என்னா? மண்டபத்துல ஏறுனது என்னா? அபிராமி தெக்கன்னு சொன்னாப்புல ஞாபகம்னேனே, அது என்னா? ஒவ்வொண்ணா உருவுனா எங்க போயி நிக்கும்?

"தெக்க பாரு பக்கந்தான்"னேன். "மீனு புடிக்கப் போறேன்னாரு"ன்னேன்.

அப்பத்தான் இவ கூட்டத்துக்குப் பின்னாலேர்ந்து வந்தா. "இல்ல, வடக்க போனாரு. நேத்து காலையில நான் பார்த்தேன். போட்டு மூக்கு வடக்க பார்த்துத்தான் போச்சு"ன்னா. அதே மாதிரிதான். கத்தல, ஒப்பாரி வைக்கல. குப்புராசு என் மொகத்தைப் பார்த்தான். நான் என்ன பண்ணுவேன்? வாயில வந்துருச்சு. "அவளுக்கு வடக்கு தெக்கு என்னைக்குத் தெரிஞ்சுது"ன்னேன். நாலு பேரு சிரிச்சானுவ. போட்டெல்லாம் தெக்க போயிருச்சு.

இன்னைக்கும் தெக்கதான் போயிருக்கு.

அதான் நான் ஊருக்குச் சொல்லாம கெளம்பிட்டேன். கலெக்டரு ஆபீசுல சொன்னா ஹெலிகாப்டர் விட்டுத் தேடுவாங்களாம். சத்தமில்லாம வடக்க ஒரு ஹெலிகாப்டர் போனாப் போதும். ஊருக்குத் தெரிய வேணாம். தண்ணி ஒரு கேன்தான் கொண்டுபோனாரு. இன்னும் உசுரோடதான் இருப்பாரு, இல்லையா? தென்னரசு அத்தனை நாளு இருந்தான். இவரு இருக்கமாட்டாரா?

பஸ் ஸ்டாப்புல நிக்கையிலதான் இவ வந்தா. மெதுவா பக்கத்துல வந்து, "பெரியம்மா, அந்த ஆபீசுல எந்த ரூமுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் எம் புருஷனைத் தேடச் சொல்லி அங்க நாயா அலைஞ்சேன். கூட வரேன்"னா. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ முன்னாடி போயி நின்னுக்கிட்டா. புள்ளையை அவ ஆத்தாகிட்ட விட்டுட்டு வந்திருக்கா. காலையில ஒண்ணும் தின்னிருக்க மாட்டா, மொகத்தைப் பார்த்தாலே தெரியுது.

ஒண்ணு கேக்குறேன், படிச்ச புள்ளையாட்டம் இருக்க, சொல்லு. அந்த ஆபீசரு "ஏம்மா வடக்க"ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? யாரோ மீன்காரன் பார்த்தான்னு சொல்லவா? எந்த மீன்காரன், பேரு என்ன, நம்பர் என்னன்னு கேப்பாரே.

நெசத்தைச் சொல்லுன்றியா?

உனக்கென்ன, நீ உன் ஸ்டாப்புல எறங்கிப் போயிருவ.

சரி, இவளே சொல்லட்டும். கண்ணால பார்த்தவ அவதானே, நான் பக்கத்துல நின்னாப் போதும். அவ சொல்லுவா, "வடக்க போனாரு சார்"னு நல்லாத் தெளிவா சொல்லுவா. அவரு எழுதிக்குவாரு. எழுதிக்கிட்டு, சரிதானான்னு ஊருக்கு ஒரு போன் போடுவாரு. போடத்தானே செய்வாரு? ஊருல குப்புராசு எடுப்பான். எடுத்து என்ன சொல்லுவான்?

"அது சொல்றதை நம்பாதீங்க சார், அதுக்கு வடக்கு தெக்கு தெரியாது. எங்க தலைவரு சம்சாரமே சொல்லியிருக்கு"ம்பான்.

...

ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல தங்கச்சி. காத்து பத்தல. இந்த ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கி விடுறேன்.

ஆபீசு வந்துருச்சா? இன்னும் ஒரு ஸ்டாப்பா? இந்தா, ஒரு உபகாரம் பண்ணு. இந்தத் தண்ணி பாட்டிலைக் கொண்டுபோயி அவகிட்ட குடு. எனக்கு வேணாம், அவ குடிக்கட்டும். வெயில்ல தொண்டை காஞ்சு போயிருக்கும். நான் போயிக் குடுத்தா வாங்குவா, ஏன் வாங்க மாட்டா, வாங்கத்தான் செய்வா. ஆனா ஏதாவது பேசணும்ல. நீ குடு.

நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத.